கூவத்துக்கு எட்டு மடங்கு தண்ணீர் எங்கே?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட, இந்தியாவின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் பற்றிய அறிக்கையில், நாட்டிலேயே மிக மோசமான அளவீடு கூவத்துக்கு உரியதாக இருந்தது. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான பகுதியில் ஆற்றுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பொறியாளர்கள் சுருக்கமாக பி.ஓ.டி. என்று சொல்லும் அளவு, லிட்டருக்கு 345 மில்லிகிராம் வரை எட்டியிருந்தது. நீரிலுள்ள அழுகக்கூடிய பொருளை நுண்ணுயிரிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதை இந்த அளவு சொல்கிறது. குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நூறு மடங்குக்கும் அதிகம் என்று இதைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடலாம். ஆனால் வீடுகளிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு வந்து சேரும் கழிவுநீரின் பி.ஓ.டி.யே வழக்கமாக 200 முதல் 350 வரைதான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். அந்த இடத்தில் ஆற்றில் எடுத்த ஒரு குடுவை நீருக்கும் சாக்கடைக் குழாயில் எடுத்த ஒரு குடுவை நீருக்கும் ஆய்வகத்தில் பெரிய வேறுபாடு தெரிந்திராது.

இத்தனைக்கும் சென்னை, சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பஞ்சமான ஊர் என்று சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், பழைய நகரப் பகுதியை ஐந்து கழிவுநீர் மண்டலங்களாகப் பிரித்து, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் நிலையங்களை நடத்தி வருகிறது. நகர ஆறுகளைக் காக்கும் திட்டத்தின் கீழ் 2005, 2006ஆம் ஆண்டுகளை ஒட்டி இந்த நான்கு இடங்களிலும் முறையே 110, 60, 40, 54 எம்.எல்.டி. திறனுள்ள புதிய நிலையங்கள் சேர்க்கப்பட்டன. ஓர் எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். பின்னர் வந்த விரிவாக்கங்களையும் சேர்த்து நகரத்தின் மொத்தத் திறன் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் 745 எம்.எல்.டி.யாக உயர்ந்தது. ஏரித் திறப்பைக் கணக்கிடும் மொழியில் சொன்னால் இது வினாடிக்கு 300 கனஅடிக்குச் சற்று மேல். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் நில்லாமல் ஓடும் 300 கனஅடி. கொடுங்கையூரின் நீர் வடக்குப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், கோயம்பேட்டின் நீர் கூவத்துக்கும், நெசப்பாக்கத்தின் நீர் அடையாற்றுக்கும், பெருங்குடியின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வழியே தெற்குப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகிறது. அப்படியானால் ஆறு ஏன் தேறவில்லை என்ற கேள்விக்கு, நிலையங்கள் ஒழுங்காக இயங்குவதில்லை என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எல்லா நிலையங்களும் குறையின்றி, விதித்த அளவுக்குள் இயங்கினாலும் கூவம் தேறாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. அது ஏன் என்று புரிந்துகொள்ள, நிலையத்துக்குள் நடப்பதையும், அங்கிருந்து வெளிவரும் நீருக்கு விதிக்கப்பட்ட அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிலையத்துக்கு வரும் கழிவுநீர் முதலில் கம்பி வலைகளைக் கடக்கிறது. துணி, நெகிழிப் பை, முடி, குப்பை அங்கே சிக்குகின்றன. அடுத்து மணலும் கல்லும் படியும் சிறு தொட்டி. அதன் பிறகு வரும் முதல்நிலைப் படிவுத் தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் நீர் ஏறத்தாழ அசையாமல் நிற்கும்போது, மிதக்கும் திடப்பொருளில் பாதிக்கு மேல் அடியில் தங்கிவிடுகிறது, பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கட்டத்திலேயே குறைகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் மீதியை அகற்றும் வேலைதான் கடினமானது. அதற்கான காற்றூட்டத் தொட்டிகளில் நுண்ணுயிரிகள் கோடானுகோடியாகச் செறிந்த பழுப்பு நிறக் கலவைக்குள் காற்று இடைவிடாமல் செலுத்தப்படுகிறது. அவை கழிவை உணவாக்கிப் பெருகி, சிறு திரள்களாகச் சேர்கின்றன. இரண்டாம்நிலைப் படிவுத் தொட்டியில் அந்தத் திரள்கள் கீழே படிய, மேலே நிற்கும் தெளிந்த நீர் வெளியேறுகிறது. படிந்த உயிர்க்கசடின் பெரும்பகுதி மீண்டும் காற்றூட்டத் தொட்டிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. பசித்த நுண்ணுயிரிகள் அடுத்து வரும் கழிவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே காரணம். 1914இல் மான்செஸ்டர் நகரின் டேவிஹுல்ம் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கண்டறிந்து அறிவித்த முறை இது. நூறாண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. ஓர் ஆறு பல நாள்களில், பல கிலோமீட்டர்களில் செய்யும் வேலையைச் சில மணி நேரத்தில் ஒரு தொட்டிக்குள் முடித்துவிடுவதே இதன் சாரம். அதற்கு விலையாக, நிலையம் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றூட்டும் இயந்திரங்களுக்கே போகிறது.

மிஞ்சும் கசடு மூடிய செரிப்புத் தொட்டிகளுக்குச் செல்கிறது. அங்கே ஆக்சிஜன் இல்லாத சூழலில், ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், இருபது நாள் அளவுக்குக் கிடந்து மீத்தேன் நிறைந்த எரிவாயுவைத் தருகிறது. இந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் சென்னையின் நிலையங்களில் 2005 முதலே உள்ளன. நிலையத்தின் மின்தேவையில் கணிசமான பங்கை அதன் கழிவே ஈடுசெய்கிறது என்பது, கழிவுநீர் பற்றிய பேச்சில் அதிகம் கேட்கப்படாத நல்ல செய்தி.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் 300 மில்லிகிராம் பி.ஓ.டி.யுடன் உள்ளே வந்த நீர், 20 மில்லிகிராம் அளவில் வெளியேறும். பார்வைக்குத் தெளிவாக, வாடை குறைந்ததாக இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை பெருநகரங்களுக்கு விதித்திருக்கும் உச்ச அளவும் இந்த 20தான். மற்ற இடங்களுக்கு 30. அதற்கு முன்பு 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளின்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்பும் 30ஆகவே இருந்தது.

இந்த 20 என்ற எண் எங்கே பிறந்தது? பிரிட்டனில் 1898இல் அமைக்கப்பட்ட, கழிவுநீர் அகற்றல் பற்றிய அரச ஆணையம், 1912இல் தந்த தன் எட்டாவது அறிக்கையில் ஓர் எளிய கணக்கைப் போட்டது. பி.ஓ.டி. 4 மில்லிகிராமைத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்குகிறது என்று அது கண்டது. மேலிருந்து வரும் தூய ஆற்றுநீரின் பி.ஓ.டி. 2 என்று வைத்துக்கொண்டது. ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு ஆற்றுநீர் இருக்கும் என்று கொண்டால், கழிவுநீரின் பி.ஓ.டி. எவ்வளவு வரை இருக்கலாம்? எட்டுப் பங்கு ஆற்றுநீர் 16, ஒரு பங்கு கழிவுநீர் 20, ஆகக் கூடுதல் 36. ஒன்பதால் வகுத்தால் 4. இப்படித்தான் பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்ற புகழ்பெற்ற இணை பிறந்தது. ஆற்றில் எட்டு மடங்கு நீர் இல்லாவிட்டால் இன்னும் கடுமையான அளவு தேவைப்படும் என்பதையும் அந்த ஆணையம் மறக்கவில்லை. பின்னர் இந்த எண்கள் உலகமெங்கும் பயணம் செய்தன. எட்டு மடங்கு என்ற நிபந்தனை அவற்றுடன் பயணம் செய்யவில்லை.

அதே கணக்கை இப்போது கூவத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். கோயம்பேட்டில் 34, 60, 120 எம்.எல்.டி. என்று மூன்று நிலையங்கள், கூட்டினால் 214. எட்டு மடங்கு என்றால் 1,712 எம்.எல்.டி., அதாவது ஏறத்தாழ 700 கனஅடி தூய நீர், மேலிருந்து கூவத்தில் ஒவ்வொரு நாளும் வர வேண்டும். சென்னை மாநகர் முழுவதற்கும் அண்மை ஆண்டுகளில் வழங்கப்படும் குடிநீரே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 எம்.எல்.டி.தான். நகரம் குடிக்கும் நீரைப்போல ஒன்றரை மடங்குக்கு மேலான நீரை, ஒரு நிலையத்தின் கழிவைக் கரைப்பதற்காக மட்டும் ஆற்றில் ஓடவிட எந்த ஏரியும் நம்மிடம் இல்லை.

கூவம் திருவள்ளூர் மாவட்டத்தில், தன் பெயரையே கொண்ட கிராமத்துக்கு அருகே தொடங்குகிறது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து அதற்கு நீர் பிரியும் வாய்ப்பு உண்டு என்றாலும், கொசஸ்தலையாற்றின் நீர் பூண்டி ஏரிக்குப் போய்க் குடிநீராக வேண்டியது. அதைக் கூவத்துக்குத் தாராளமாகத் திருப்பிவிடுவார் யாரும் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் ஆற்றில் வெள்ளம் வரும்; மற்ற மாதங்களில் மேற்பகுதியில் மணலும் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளும்தான் தெரியும். பருத்திப்பட்டுக்குக் கிழக்கே நகரம் தொடங்கும்போது ஆறும் தொடங்குகிறது, ஆனால் அது நகரம் தந்த நீர். அடையாற்றின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி உபரி திறக்கும்போது அது பெருவெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஏரியிலிருந்து 29,000 கனஅடி திறக்கப்பட்டதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆற்றில் மே மாதத்தில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை நீரும் நெசப்பாக்கத்தின் சுத்திகரித்த நீரும்தான். கோடைக் கூவத்தில் சுத்திகரிப்பு நிலையம் நீரைக் கலப்பதற்கு ஓர் ஆறு இல்லை. அங்கு அந்த நிலையத்தின் வெளியேற்றக் குழாய்தான் ஆற்றின் ஊற்றுக்கண்களில் ஒன்று.

கலப்பதற்கு நீர் இல்லாத இடத்தில், சுத்திகரித்த நீரில் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றும் அப்படியே ஆற்றின் தன்மையாகிவிடுகிறது. இவற்றில் மிக முக்கியமானது அமோனியா. வீட்டுக் கழிவுநீரில் அமோனியாவாக இருக்கும் நைட்ரஜன் லிட்டருக்கு 25 முதல் 40 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. ஆகவே நிலையம் பி.ஓ.டி.யை 20க்குக் குறைத்துவிட்டு, 25 மில்லிகிராம் அமோனியாவை அப்படியே வெளியே விட்டால், அந்த நீர் ஆற்றிடம் கேட்கும் ஆக்சிஜன் கடன் லிட்டருக்கு மேலும் 114 மில்லிகிராம். சென்னையின் வெப்பத்தில், 30 பாகையில், நன்றாகக் காற்றோட்டம் பெற்ற தூய நீரிலேயே கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். இந்தியாவில் பி.ஓ.டி. சோதனை 27 பாகையில் மூன்று நாள் நடத்தப்படுகிறது. அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை என்பதால், அந்த மூன்று நாளுக்குள் இந்தக் கடன் முழுவதும் சோதனைக் குடுவையில் வெளிப்படுவதில்லை. வெப்ப நாட்டில் காற்றூட்டத் தொட்டியின் அளவும், நுண்ணுயிர்க் கசடு அதில் தங்கும் காலமும் போதுமானதாக இருந்தால், அமோனியாவைத் தொட்டிக்குள்ளேயே மாற்றிவிட முடியும். நம் தட்பவெப்பம் அதற்குத் துணையாகவே இருக்கிறது. அதற்குக் கூடுதல் காற்று வேண்டும், கூடுதல் காற்றுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். 2015இல் வெளியிடப்பட்ட வரைவு விதிகளில் பி.ஓ.டி. 10 என்பதோடு அமோனியாவுக்கும் மொத்த நைட்ரஜனுக்கும் வரம்புகள் இருந்தன. 2017இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று மீண்டும் கடுமையான அளவுகளைக் குறித்து ஆணையிட்டது.

கிருமிகளின் கணக்கும் இதைப் போன்றதே. சுத்திகரிக்காத கழிவுநீரில் மலக்கிருமிகளின் எண்ணிக்கை நூறு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் பல கோடி வரை இருக்கும். காற்றூட்டத் தொட்டி அதில் நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது வரை நீக்கிவிடும். கேட்பதற்கு நிறைவாக இருந்தாலும், கோடியில் தொண்ணூற்றொன்பது விழுக்காடு போனாலும் லட்சம் மிஞ்சுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2017 அறிவிக்கையின் வரம்பு 1,000. குளோரின் போன்றதொரு கிருமிநீக்கம் இல்லாமல் அந்த வரம்பைத் தொட முடியாது. குளோரினை அளவுக்கு மீறிப் போட்டால் அதுவே மீனுக்கு நஞ்சு.

இதுவரை சொன்னது நிலையத்தைக் கடந்து வரும் நீர் பற்றியது. நிலையத்துக்கு வந்தே சேராத நீரின் கதை இதைவிடப் பெரியது. சென்னையின் பாதாளச் சாக்கடைக்கான அடித்தளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டது. 1958இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. நகரம் தட்டையானது என்பதால் கழிவுநீர் தானாகச் சரிந்து ஓட வழியில்லை. குழாய் ஓரளவு ஆழத்துக்குப் போனதும் உந்து நிலையம் ஒன்று அதை மேலே ஏற்றி அடுத்த குழாயில் விட வேண்டும்; இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட உந்து நிலையங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று மின்தடையாலோ பழுதாலோ நின்றால், குழாயில் நிரம்பும் நீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். பெரும்பாலும் பக்கத்திலுள்ள மழைநீர் வடிகாலும், அதன் வழியே ஆறும்தான் அதற்குப் புகலிடம்.

2011இல் சென்னை மாநகராட்சி ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் மாநகரில் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் கழிவுநீர் லாரி, அதற்கும் வழியில்லாத அல்லது மனமில்லாத இடத்தில் இரவோடு இரவாக மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் என்பதே நடைமுறை. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு வாரத்துக்கு எத்தனை லாரி வேண்டும் என்று கணக்கிட்டவர்கள், வடிகாலில் இணைப்புக் கொடுத்தவர்களின் மனத்தைப் புரிந்துகொள்வார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. மழைக்காகக் கட்டப்பட்ட வடிகால், மழை இல்லாத மாதங்களிலும் கறுப்பாக ஓடுவதைப் பார்த்தாலே அங்கே என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த நீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்க்காமல் நேரே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போய்ச் சேர்கிறது. மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் வருகிறது. தெருவில் தேங்கும் மழைநீர் மேன்ஹோல் வழியே கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து, நிலையத்துக்குத் தாங்க முடியாத அளவு நீரைக் கொண்டுவந்து தள்ளும்; வேகம் கூடும்போது படிவுத் தொட்டியில் கசடு படிய நேரம் இல்லாமல் நீரோடு வெளியேறிவிடும்.

சென்னைக்கு மட்டும் உரிய நிலைமை இது என்று நினைக்க வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி.; அமைக்கப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 31,841; உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236. முதல் இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், புதிய நிலையங்கள் வேண்டும் என்கிறார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் உள்ள 11,000 எம்.எல்.டி.க்கும் மேலான வேறுபாடு அதைவிடக் கவலை தருவது. கட்டி முடித்து, செலவும் செய்த பிறகு, பழுதாலும் கழிவுநீர் வந்து சேராததாலும் முழுப் பயனின்றி நிற்கும் திறன் அது. நிலையத்துக்கு அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம். சந்துக்குள் பதித்த குழாய்க்குத் திறப்பு விழா நடத்துவார் யாரும் இல்லை.

இந்த இரண்டு வேலைகளில் எது ஆற்றுக்கு அதிகம் உதவும் என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்க முடியும். கோயம்பேட்டின் 214 எம்.எல்.டி. முழுவதையும் பி.ஓ.டி. 20லிருந்து 10க்கு இறக்கினால், கூவத்தில் சேரும் மாசு நாளொன்றுக்கு 2,140 கிலோ குறையும். சுத்திகரிக்காத ஓர் எம்.எல்.டி. கழிவுநீர் 300 கிலோ மாசைச் சுமந்து வருகிறது. அதைப் பிடித்து நிலையத்துக்கு அனுப்பினால், வெளிவரும் 20 கிலோ போக 280 கிலோ மிச்சம். ஆகவே வடிகால்கள் வழியே ஆற்றில் விழும் கழிவுநீரில் எட்டு எம்.எல்.டி.யை மறித்துக் குழாயில் சேர்ப்பதும், மிகப் பெரிய நிலையமொன்றை முழுவதும் நவீனமாக்குவதும் பி.ஓ.டி. கணக்கில் ஏறத்தாழச் சமம். இதனால் கடுமையான அளவுகோல் தேவையில்லை என்று ஆகிவிடாது. அமோனியா, பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் கையிலிருக்கும் பணத்தை எங்கே முதலில் போடுவது என்ற கேள்வியில், என் மதிப்பீட்டில் குழாய்க்கே முதலிடம். சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளையின் கூவம் திட்டம் கழிவுநீர் விழும் வாய்களை மறித்துத் திருப்புவதை ஒரு முக்கியப் பணியாக எடுத்துக்கொண்டது இந்த வகையில் சரியான திசை. கரையோரப் பூங்காவும் நடைபாதையும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

நிலையத்தைக் கடந்ததும் கடக்காததுமான நீர் முகத்துவாரத்தை அடையும்போது இன்னொரு வேதியியல் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது, தெற்கிலிருந்து வடக்காகக் கடலோரத்தில் நகரும் மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டுத் தேங்கத் தொடங்கியது. மெரினாவின் அகலம் அப்படி வந்ததே. அதே மணல் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. ஆற்றில் மணலைத் தள்ளும் விசை இல்லாததால், மணலை அள்ளி வழிவிட்டால்தான் ஓதம் உள்ளே வந்து போக முடியும். ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில், சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடர்கின்றன. அவை வெளியிடுவதுதான் அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு. ஆற்றுநீரில் சல்பேட்டு குறைவு. கடல்நீரில் அது லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆற்றைக் கழுவிச் செல்லும் அளவுக்கு இல்லாமல், கொஞ்சமாக உள்ளே வந்து தேங்கும் கடல்நீர், இந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய சரக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது. நேப்பியர் பாலத்தைக் கடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடியில் கிடக்கும் கறுப்புச் சேறு பெரும்பாலும் இரும்பு சல்பைடு கலந்த கசடு. நிலையங்கள் நாளையே குறையற்றுப் போனாலும் அந்தச் சேறு பல காலம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

2019 டிசம்பரில் மழைக்குப் பின் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை மலைபோல் ஒதுங்கியதும், குழந்தைகள் அதில் விளையாடியதும் செய்தியாயின. சோப்புத் தூளிலுள்ள நுரைக்கும் பொருள்கள் காற்றூட்டத் தொட்டியில் பெருமளவு சிதைந்துவிடக்கூடியவை. ஆக்சிஜனற்ற ஆற்றில் அவை சிதைய வழியின்றித் தேங்கி, வெள்ளம் வந்ததும் மொத்தமாகக் கடலுக்குப் போய் அலையில் கடைபடுகின்றன. கரையில் ஒதுங்கிய நுரை, நிலையத்தைத் தொடாமல் வந்த நீர் எவ்வளவு என்பதற்குக் கண்கூடான சாட்சி.

சுத்திகரித்த நீரை ஆற்றில் விடாமல் விற்பது என்ற வழி சென்னையில் புதிதல்ல. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலிருந்தே கொடுங்கையூர் நீரை வாங்கி, தாமே மேலும் தூய்மையாக்கிப் பயன்படுத்தி வந்தன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. திறனுள்ள மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. வீட்டு ஆர்.ஓ. கருவியில் உள்ளதைப் போன்ற சவ்வுகள் வழியே வடிக்கப்படும் அந்த நீர், கொடுங்கையூரிலிருந்து மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. அதே 2019இன் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்த நகரத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆலைகளுக்குப் போயிருக்கக்கூடிய ஏரிநீர் மக்களுக்கு மிஞ்சுகிறது. மறுபுறம், கூவத்தில் விழும் நீரில் ஓரளவேனும் தூய்மையானது நிலையத்தின் நீர்தான். அதை எடுத்து விற்க விற்க, ஆற்றில் வடிகால் வழியே வந்த சுத்திகரிக்காத பங்கே மேலோங்கும். ஆறு அளவில் சிறுத்து, செறிவில் கூடும். விற்பனையை நிறுத்த வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விற்கும் வேகத்துக்கு இணையாக மறிக்கும் வேகமும் இருந்தாக வேண்டும் என்பதற்காகவே.

பெருங்குடி நீர் சேரும் பள்ளிக்கரணையில் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற இந்தச் சதுப்புநிலம் நீரைத் தாங்கி, நாணலுக்கும் கோரைக்கும் இடையே மெதுவாகக் கடத்தி, நைட்ரஜனில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆனால் மழைநீருக்கு ஏற்ப ஏறியும் வற்றியும் வந்த ஒரு நிலத்துக்கு, ஆண்டு முழுவதும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த நீர் இடைவிடாமல் வருவது இயற்கையான நிலை ஆகாது. இங்கே மட்டுமன்றி நகரின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் ஆகாயத்தாமரை படர்வதற்கு உரமாக இருப்பவை இந்த இரண்டும்தான். இயந்திரத்தைக் கொண்டு வாரி எடுத்தாலும், உரம் வந்துகொண்டிருக்கும் வரை சில வாரங்களில் அது மீண்டும் மூடிவிடும்.

குழாயும் நிலையமும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்த ஓர் எடுத்துக்காட்டு சென்னைக்குப் பக்கத்திலேயே உண்டு. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990களின் இறுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீடொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே முன்வைப்புத் தொகை திரட்டியது. வீதி வீதியாக விளக்கக் கூட்டங்கள் நடந்தன. வேலை தொடங்குவதற்கு முன்பே பணம் செலுத்திய குடும்பங்கள் பல. பணத்தைக் கட்டிவிட்டதால் இணைப்பைப் பெறுவதிலும் அவர்கள் அக்கறை காட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையம் முதல் கட்டமாக 12 எம்.எல்.டி. அளவில் பெருங்குடியில் அமைக்கப்பட்டது. இன்று விரிவாக்கப் பகுதிகளில் புதிதாகக் குழாய் பதிக்கப்படும் தெருக்களில், குழாய்க்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கடைசிச் சில அடிகளுக்கு வீட்டுக்காரர் பணம் செலுத்தத் தயங்குவதும், வாசலைத் தோண்ட ஒப்பாததும், பழைய செப்டிக் டேங்கே போதும் என்பதும் வாடிக்கையாக நடக்கின்றன. அந்தச் சில அடிகள் இணையாத ஒவ்வொரு வீட்டின் கழிவுநீரும் இன்னும் மழைநீர் வடிகால் கணக்கில்தான் இருக்கிறது.